புது வீட்டு மண்ணில் தோட்டம்: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே பத்துச் செடி வாங்கி நட்டவன் நான். ஆறு மாதத்தில் ஒன்பது போய்விட்டன. கடைசியாகப் போனது ஓர் எலுமிச்சைக் கன்று. இலையெல்லாம் வாடித் தொங்க ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, செடி இப்படி வாடிக் கெடக்கு, தண்ணியே ஊத்தறதில்லையா?" என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒரு வாளி ஊற்றினேன். ஒரே வாரத்தில் கன்று செத்தது. பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, வழுவழுவென்று, சாக்கடை நாற்றம் அடித்தது. குழியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. தாகத்தில் வாடும் செடியும் தண்ணீரில் மூச்சுமுட்டி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பழைய வீட்டுத் தோட்டத்தில் பழகிய கைக்கு இது புரிய நாளாகும். வீடு கட்டும்போது அந்த நிலம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். உயிருள்ள மேல்மண்ணை முதல் நாளே பொக்லைன் வழித்துத் தள்ளிவிடுகிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண் மேலே வந்து பரவுகிறது. அதன்மீது மாதக்கணக்கில் லாரி ஏறி இறங்குகிறது. கம்பி, ஜல்லி, செங்கல் எல்லாம் அங்கேதான் குவிகின்றன. சிமென்ட் குழைத்த சட்டியைக் கழுவி ஊற்றியதும் அங்கேதான். சாவி கொடுப்பதற்கு முந்தைய வாரம் அந்தக் குப்பைமேல் ஒரு சாண் கனத்துக்கு நல்ல மண்ணைப் பரப்பிப் புல் பதித்துவிடுவார்கள். மேலே பட்டு விரிப்பு, அடியில் இடிபாடு.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: முதல் ஆண்டு மண்ணுக்கு, இரண்டாம் ஆண்டு செடிக்கு. அதுவரை கை சும்மா இருக்காது என்றால் தொட்டியில் நாலு செடி வையுங்கள், தப்பில்லை. ஆனால் தரையில் மரம் நடும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.

நிலத்தை முதலில் காகிதத்தில் போடுங்கள்

வீடு ஒப்படைக்கும்போதே கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி, மழைநீர் வடிகால், கழிவுத் தொட்டி எங்கெங்கே போகின்றன என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது கடினம். அதைப் பெரிய தாளில் வரைந்து, காலை, நடுப்பகல், மாலை என்று வெயில் எங்கே விழுகிறது, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டே வாருங்கள். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு மாதம் பார்த்துவிட்டு 'இது நிழல் பகுதி' என்று முடிவுகட்டியவர்கள் அடுத்த பருவத்தில் கருகிய செடியைப் பார்த்து விழித்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் கட்டியவரிடம் கேட்க வேண்டும். கரையான் மருந்து அடித்திருக்கிறீர்களா? பல கட்டடங்களில் அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணில் கரையான் கொல்லியை ஊற்றியிருப்பார்கள். அப்படியானால் சுவரை ஒட்டிக் கீரையோ காய்கறியோ போட வேண்டாம். அந்த மண்ணைக் கிளறி இடம் மாற்றவும் வேண்டாம். கிளறினால் மருந்து தோட்டத்துக்கு வரும், கரையானுக்கும் வழி திறந்துவிடும்.

கடப்பாறை, கண்ணாடிக் குடுவை, ஒரு வாளி தண்ணீர்

மண்ணைச் சோதிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்பதில்லை. பாதிக்கு மேல் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

மழை பெய்து இரண்டு நாள் கழித்துத் தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமான நல்ல மண்ணில் 30 சென்டிமீட்டர் வரை சிரமமில்லாமல் இறங்கும். பத்து, பதினைந்திலேயே முட்டி நின்றால் அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது. 'டொக்' என்று கேட்டால் கல். சத்தமே இல்லாமல் நின்றால் லாரி மிதித்த மண். இந்த வித்தியாசம் கைக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிடும்.

பிறகு குழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 சென்டிமீட்டர். தோண்டும்போது வருவதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். என் முதல் குழியில் வந்தவை: டைல்ஸ் துண்டு ஏழு, வளைந்த ஆணி ஒரு கைப்பிடி, மண்ணோடு மண்ணாகக் கல்லாகிவிட்ட அரை மூட்டை சிமென்ட், ஒரு தேநீர்க் குவளை. குவளை மட்டும் உடையாமல் இருந்தது.

குழியில் தண்ணீரை நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, குச்சியில் அளவு குறித்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2.5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். அதற்குக் கீழே என்றால் வடிகால் சரியில்லை. எனக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. எலுமிச்சை செத்ததன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. இறுகிய களிமண்ணில் குழி வெட்டி, அதை மட்டும் நல்ல மண்ணால் நிரப்பினால் அது ஓட்டையில்லாத தொட்டி. சுற்றிலும் ஓடிவரும் தண்ணீரெல்லாம் அதில் வந்து சேர்ந்து, போக வழியில்லாமல் நிற்கும்.

குடுவைச் சோதனை பொறுமைக்கு. கல், வேர் நீக்கிய மண்ணைக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு விட்டு, நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வைத்துவிடுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். களிமண் படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் உங்கள் மண் எது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. சிமென்ட், சாந்து, பூச்சுக் கழிவு கலந்த மண்ணில் இது சகஜம். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண் 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்கு வசதி. 8ஐ நெருங்கினால் இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாது. அடையாளம் எளிது: இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முதிர்ந்த கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால் அது வேறு கதை, பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியாவைக் கொட்டுகிறவர்கள் அதிகம்.

சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் கந்தகத்தைப் போட்டு பிஎச்சைக் குறைக்கலாம் என்பார்கள். கந்தகம் வேலை செய்ய நுண்ணுயிரிகள் அதை அமிலமாக்க வேண்டும், அதற்கே மாதங்கள் பிடிக்கும். உண்டாகும் அமிலத்தையும் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும். காசுக்குக் கேடு. சாந்துக் கட்டிகளைப் பொறுக்கி வெளியே போடுங்கள், மக்கு உரம் சேருங்கள், அந்த மண்ணைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். இவ்வளவுதான் செய்ய முடியும், இவ்வளவே போதும்.

இறுகிய மண்ணைத் திறப்பது

இதுதான் முதல் ஆண்டின் பெரிய வேலை. அவசரப்படாதீர்கள், ஒரே நாளில் முழுத் தோட்டத்தையும் கிளறாதீர்கள்.

ஈரப் பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். களிபோல ஒட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். சேறாக இருக்கும்போது மிதித்தாலோ கொத்தினாலோ காய்ந்தபின் செங்கல் சூளைதான்.

பதம் சரியாக இருக்கும்போது முள்வாரையோ கடப்பாறையையோ ஒரு சாண் இடைவெளியில் குத்தி, பின்னுக்குச் சாய்த்து, மண்ணை விரிசல் விட வையுங்கள். புரட்ட வேண்டாம். அடுக்கு இருந்தபடி இருக்கட்டும். காற்றும் நீரும் இறங்க வழி கிடைத்தால் போதும். மேலே 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்புங்கள். விரிசலுக்குள் கொஞ்சம் தானே விழும், மீதியை மண்புழு பார்த்துக்கொள்ளும். கணக்கு தெரிந்திருப்பது நல்லது: 10 சதுர மீட்டர் இடத்துக்கு 5 சென்டிமீட்டர் என்றால் அரை கன மீட்டர், அதாவது 500 லிட்டர் உரம். இதைக் கேட்டதும் முழுத் தோட்டத்துக்கும் ஒரே ஆண்டில் செய்யும் ஆசை பலருக்குப் போய்விடும். போகட்டும். ஆண்டுக்கு ஒரு பாத்தி என்று வைத்துக்கொண்டால்கூட நிலம் உங்களோடு முன்னேறும்.

மீதி இடத்தைச் சும்மா போடாமல் பசுந்தாள் உரம் விதையுங்கள். சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு என்று உங்கள் தட்பவெப்பத்துக்கு எது வருமோ அது. இவை பயறு இனம். வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். வேர் இறுகிய அடுக்கைத் துளைத்துக்கொண்டு போகும். பூக்கத் தொடங்கும்போது தரையோடு அறுத்து அங்கேயே போட்டுவிடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம். அது மண்ணுக்குள் மக்கி விட்டுப்போகும் துளைகள்தான் நமக்கு வேண்டியவை. எந்த இயந்திரமும் அவ்வளவு நேர்த்தியாகத் துளை போடாது.

இரண்டு தவறான ஆலோசனைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, 'களிமண் என்றால் மணலைக் கலந்துவிடு'. கொஞ்சம் மணலைக் களியில் கலந்தால் கிடைப்பது ஏறக்குறைய சாந்து. மண்ணின் தன்மை மாற வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி மணல் வேண்டியிருக்கும். அதற்கு எங்கோ ஓர் ஆற்றைச் சுரண்ட வேண்டும். மற்றொன்று, 'ஜிப்சம் போட்டால் மண் பொலபொலவென்று ஆகிவிடும்'. சோடியம் மிகுந்த களர் மண்ணில் அது உண்மை. லாரி மிதித்து இறுகிய மண்ணுக்கும் ஜிப்சத்துக்கும் சம்பந்தமில்லை.

மக்கு: தோட்டத்தின் அடுப்படி

புது வீட்டில் முதல் செலவாக எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் செடியை விட்டுவிட்டு ஒரு மக்குத் தொட்டியை வாங்குங்கள். வாங்காமலும் முடியும். நாலு பழைய பலகையோ வளைத்துக் கட்டிய கம்பிவலையோ போதும்.

மக்குவதற்குத் தேவை நான்கு: காய்ந்தது, பச்சையானது, ஈரம், காற்று. காய்ந்தது என்றால் சருகு, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி, மரத்தூள். பச்சை என்றால் காய்கறித் தோல், பழத்தோல், வெட்டிய புல், தேயிலைச் சக்கை. அளவில் இரண்டு மூன்று கூடை காய்ந்ததற்கு ஒரு கூடை பச்சை. எடையில் பார்க்காதீர்கள், கூடையில் பாருங்கள். உள்ளே நடக்கும் கணக்கு, கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு. சருகு கார்பனைத் தருகிறது, தோல் நைட்ரஜனைத் தருகிறது.

ஈரத்துக்கு ஒரு சோதனை: கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த பஞ்சுபோல ஈரமாக இருந்து, விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். தூசி பறந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

நாற்றம் வருகிறது என்று கைவிட்டவர்கள்தான் அதிகம். ஏறக்குறைய எல்லோருக்கும் காரணம் ஒன்றே: பச்சை அதிகம், காற்று இல்லை. மேலே ஒரு கூடை சருகைக் கொட்டி, முள்வாரால் கிளறி விடுங்கள். இரண்டு நாளில் வாசம் மாறிவிடும். ஒவ்வொரு முறை அடுக்களைக் கழிவு போடும்போதும் அதை மூடும் அளவுக்குச் சருகு போட்டுவிட்டால் ஈயும் வராது. சமைத்த உணவு, எண்ணெய், இறைச்சி, மீன், வீட்டு நாய் பூனையின் கழிவு வேண்டவே வேண்டாம்.

குவியல் ஒரு கன மீட்டர் அளவுக்குப் பெரிதாக இருந்து, அடிக்கடி புரட்டினால் நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். களை விதையும் நோய்க் கிருமியும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் சாகும். சிறு தொட்டியில் இந்தச் சூடு வராது. ஆகவே விதை பிடித்த களையையும் நோய் பிடித்த செடியையும் அதில் போடாதீர்கள். வெயில் நாளில் மூன்று நான்கு மாதத்திலும், குளிர் என்றால் அதைவிட நிதானமாகவும் தயாராகும். எது என்னவென்று அடையாளம் தெரியாமல், கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மூட்டையில் விற்கும் நடவுக் கலவை வாங்கினால் அதில் பீட் எனப்படும் கரிச்சதுப்பு மண் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதமே உள்ள கரிச்சதுப்பு நிலங்கள், மண்ணில் இருக்கும் மொத்தக் கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பிடித்துவைத்திருக்கின்றன. நம் பூந்தொட்டிக்காக அதைத் தோண்டி எடுப்பது நியாயமில்லை. தென்னை நார்க்கழிவும் மக்கிய மரப்பட்டையும் அந்த வேலையைச் செய்துவிடும்.

மூடாக்கு

வெறும் மண் வெயிலில் கிடக்கக் கூடாது. சருகு, வைக்கோல், மரச்சீவல், எதுவானாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போர்த்துங்கள். ஈரம் நிற்கும், களை குறையும், அடியில் மக்கி உரமாகும். தண்டிலிருந்து ஒரு கையளவு தள்ளியே போடுங்கள். மரத்தடியில் கோபுரம்போலக் குவித்தால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரிலிருந்தும் ஒரு முழம் விலக்குங்கள். சுவரை ஒட்டி மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டுவதும் வேண்டாம். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கைவிடத் தோட்டத்து மண் 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போய், அடுத்த மழைக்கு உள்ளே பெயின்ட் உரியும்.

தண்ணீர்: குறைவாக, ஆழமாக

தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட நாள் விட்டு ஆழமாக ஊற்றுவது நல்லது. மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே சுற்றும். ஒரு நாள் ஊர் போய்த் திரும்பினால் செடி சுருண்டிருக்கும். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பூவாளியை வைத்துவிட்டு வாருங்கள். அக்கா என்ன சொன்னாலும் சரி.

விடியற்காலையில் ஊற்றினால் ஆவியாவது குறைவு. சொட்டுநீர்க் குழாய் போட வசதியிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மெருகூட்டாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். மண் காயும்போது பானையின் நுண்துளை வழியே தண்ணீர் தானாகக் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். இரண்டு நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

மழைநீர்க் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். சிதறியது, ஒழுகியது போக 800 கைக்கு வரும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வைத்தால் சிறு மழைக்கே நிரம்பிவிடும். ஆகவே பீப்பாயைவிட அது வழியும்போது தண்ணீர் எங்கே போகும் என்று யோசிப்பது முக்கியம். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, ஒரு முழம் தாழ்வான பள்ளம் எடுத்து, ஈரமும் காய்ச்சலும் இரண்டையும் தாங்கும் செடிகளை அதில் நட்டு, வழியும் நீரை அங்கே திருப்பிவிடுங்கள். ஒரு நாள், இரண்டு நாளில் வற்றிவிடுகிற பள்ளமாக இருக்க வேண்டும். பீப்பாயின் வாயைக் கொசுவலையால் கட்டுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

வீட்டில் வீணாகும் தண்ணீர் எல்லாம் தோட்டத்துக்கு ஆகாது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். அதையே நாளும் ஊற்றினால் மண் மெல்ல உவராகும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் உலோகச் சுருளைத் தொட்டு வருவதால் பூச்செடிக்கு மட்டும் ஊற்றுங்கள், கீரைக்கு வேண்டாம். துணி துவைத்த தண்ணீரில் சோடியம் இருக்கும். எப்போதாவது மரத்துக்கு விடலாம், ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைத்தால் நாறும்.

செடி வாங்கும் நாள் வந்தபின்

பெரிய செடி வாங்கினால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்ற கணக்குத் தப்பு. சிறு கன்று புது மண்ணில் வேகமாக வேர் பிடித்து, இரண்டு மூன்று ஆண்டில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். வாங்கும்போது பையைச் சாய்த்து அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள். அதுதான் கிடைத்தது என்றால் சுற்றிய வேரைக் கத்தரித்து விரித்து நடுங்கள். விட்டால் அந்தச் சுருளே பின்னாளில் மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

குழி வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும்; ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் உரத்தைக் கொட்டாதீர்கள், மேலே பரப்புங்கள். குழிக்குள் மட்டும் சத்து இருந்தால் வேர் வெளியே போக மறுக்கும், வடிகாலும் கெடும். தொட்டிக் கதை ஞாபகமிருக்கிறதல்லவா?

சுவரிலிருந்து சிறு மரத்துக்கு 3 மீட்டர், பெரிய மரத்துக்கு 6 மீட்டரும் மேலும் விடுவது என் வழக்கம். ஆல், அரசு, அத்தி இனங்களை வீட்டுத் தோட்டத்தில் நடவே கூடாது. அவை குழாயையும் சுவரையும் தேடிப் போகும்.

உங்கள் வட்டாரத்திலேயே இயல்பாக வளரும் செடிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். பிழைத்த பிறகு தண்ணீரும் மருந்தும் குறைவாகக் கேட்கும், அங்குள்ள தேனீக்கும் பறவைக்கும் பழகியவை. அழகுக்காகக் கொண்டுவந்தது எப்படி முடியும் என்பதற்கு உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் சாட்சி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். பூவுக்காகத் தோட்டம் தோட்டமாகப் பரவி, இன்று பல நாடுகளில் காட்டையும் குளத்தையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நர்சரியில் 'எப்படிப் போட்டாலும் வளரும், அழிக்கவே முடியாது' என்று பெருமையாகச் சொல்லும் செடியிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

புல்வெளியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. குழந்தைகள் விளையாடும் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பாத்தியாக்குங்கள். வைத்திருப்பதை ஒரு முறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள், வெட்டிய புல்லை வாராமல் அங்கேயே விடுங்கள்.

பூச்சி

இளந்தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்ததைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் விட்டுப்பாருங்கள். பொறிவண்டு வந்து சேரும். அதன் புழு பார்க்க முதலைக்குட்டிபோல முள்ளும் முதுகுமாக இருக்கும். பூச்சி என்று நினைத்து அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். வளர்ந்த வண்டும் சரி, புழுவும் சரி, நாளைக்கு டஜன் கணக்கில் அசுவினியைத் தின்னும். மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான், அசுவினி மறுவாரம் திரும்பிவிடும்.

அதற்குள் செடி தாங்காது என்று தோன்றினால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். தண்டில் எறும்பு சாரைசாரையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் கசியும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பின் வழியை அடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடைசி வழியாக ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்க ஒன்றிரண்டு மில்லி மென்மையான திரவ சோப்பு. முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்து, கருகவில்லை என்றால் தேனீ அடங்கிய பிறகு மாலையில் தெளியுங்கள். துணி சோப்பு வேண்டாம், இலை வெந்துவிடும்.

தனியாகச் செய்யாதீர்கள்

புதுக் குடியிருப்பில் ஒரு வசதி உண்டு: எல்லோருக்கும் ஒரே மண், ஒரே பிரச்சினை. ஒரு வீட்டின் குழிச் சோதனை தெருவுக்கே உதவும். கிளை அரைக்கும் இயந்திரம், நீள ஏணி, தள்ளுவண்டி இவற்றை வீட்டுக்கு ஒன்று வாங்காமல் பொதுவில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சருகை யாரும் கொளுத்தாமல் ஒரு மூலையில் குவிக்கச் சொன்னால், மக்குத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு முழுக்கக் காய்ந்த பொருள் கிடைக்கும். பொது இடத்தைப் பராமரிக்கும் ஆட்கள் களைக்கொல்லி அடிக்கிறார்களா என்பதைச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அடித்த புல்லை மக்கில் போட்டால் உரமே செடிக்கு விஷமாகிவிடும்.

புதிதாகக் குடிவருகிறவருக்குச் செடி பரிசளிப்பதைவிட ஒரு தாள் கொடுங்கள். குழாய் போகும் பாதை, உங்கள் குழிச் சோதனையின் எண், வினிகர் நுரைத்ததா இல்லையா, எந்தச் செடி பிழைத்தது, எது செத்தது. எங்கள் தெருவில் அந்தத் தாளில் செத்த செடிகளின் பட்டியல்தான் நீளம். எல்லோரும் முதலில் படிப்பதும் அதைத்தான்.

ஓராண்டு முடிந்ததும் அதே இடத்தில் அதே அளவுக் குழியை மறுபடி தோண்டி, அதே குச்சியால் அளந்து பாருங்கள். தோண்டிய மண்ணைச் சாக்கில் கொட்டி மண்புழுவையும் எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் மண் நன்றாகத் தேறியிருக்கிறது. எனக்கு முதல் ஆண்டு புழுவே இல்லை. இரண்டாம் ஆண்டு நான்கு. தண்ணீர் மணிக்கு மூன்று சென்டிமீட்டர் இறங்கியது. அந்த வாரம்தான் இன்னோர் எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தேன்.